தண்ணியில்லாத ஊரும் படகுச் சவாரியும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆட்களுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? பெரிதாக ஒன்றும் இல்லை. மேற்கே மலை இருக்கிறது. மழைக்காலத்தில் மலையிலிருந்து ஓடை இறங்கி வரும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் கண்மாய் நிறையும். சித்திரை வந்தால் அதே கண்மாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தண்ணீர் மேல் மிதந்து போகிற ஒன்றை இந்த ஊர்க்காரர்கள் பார்ப்பது என்றால், ஆண்டாள் கோயில் திருமுக்குளத்தில் விடுகிற தெப்பம்தான். அதற்கும் குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும்!

ஆனால் பள்ளிக்கூடம் லீவு விட்டால் கதை மாறிவிடும். வேன் பிடித்து கொடைக்கானல் போவார்கள், தேக்கடி போவார்கள். சீசன் நேரத்தில் குற்றாலம் போனால் அருவியில் குளித்துவிட்டு, ஐந்தருவி பக்கத்தில் இருக்கும் படகு குழாமுக்குப் போவார்கள். வருடத்தில் 364 நாள் தரையில் இருப்பவர்கள் ஒரே ஒரு நாள் படகில் ஏறுகிறார்கள். அந்த ஒரு நாளில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. கடற்கரைக்காரப் பிள்ளைக்கு இதெல்லாம் அப்பாவைப் பார்த்தே வந்துவிடும். கண்மாய்க்காரப் பிள்ளைக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

தேக்கடி, 2009

ராஜபாளையத்துக்குத் தெற்கே சிவகிரி இருக்கிறது. அந்த மலையில்தான் பெரியாறு பிறக்கிறது என்பார்கள். கிழக்குச் சரிவில் விழுகிற மழை ராஜபாளையம் பக்கம் வருகிறது. மேற்குச் சரிவில் விழுகிற மழை காட்டுக்குள் ஓடி முல்லைப் பெரியாறு அணையில் போய் நிற்கிறது. 1895ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. அந்த அணையில் தேங்கிய தண்ணீர்தான் தேக்கடி ஏரி. ஆக, மலையின் இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், அந்தப் பக்கம் தேக்கடி. இந்த ஊர்க்காரர்கள் கம்பம், குமுளி வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்க்கிற ஏரி, உண்மையில் தங்கள் மலைக்குப் பின்னால் இருக்கிற ஏரிதான்.

2009 செப்டம்பர் 30ஆம் தேதி மாலை, அந்த ஏரியில் 'ஜலகன்யகா' என்ற படகு கவிழ்ந்தது. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரண்டு அடுக்கு ஃபைபர் படகு அது. புதுப் படகு. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். 45 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் வெளிமாநிலங்களிலிருந்து சுற்றுலா வந்தவர்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு.

அன்று புயல் இல்லை. ஏரியில் பெரிய அலை என்பதே கிடையாது. படகு எதிலும் மோதவும் இல்லை. கரையில் விலங்குகள் தெரிந்ததும் பயணிகள் அவற்றைப் பார்க்க ஒரே பக்கமாகப் போனார்கள், படகு சாய்ந்தது, அப்படியே கவிழ்ந்துவிட்டது. கீழ்த் தளத்தில் இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். யார் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அதற்குப் பிறகுதான் தேக்கடியில் எல்லோரும் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்று ஆக்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள். யானையைப் பார்க்க எழுந்து போவது ஒரு குற்றமா? தேக்கடிக்குப் போவதே அதற்குத்தானே! அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

இது ஒன்று மட்டும் இல்லை

2007 பிப்ரவரியில் கேரளாவின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில், உறவினர்கள் கூட்டமாகப் பிக்னிக் போன படகு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் தானூரில் ஒரு மீன்பிடிப் படகை இரண்டு அடுக்கு சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றிப் போய் 22 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹரணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் 2 பேரும் இறந்தார்கள். அங்கேயும் ஆள் அதிகம், ஜாக்கெட் எல்லோருக்கும் இல்லை.

வேறு வேறு ஊர், வேறு வேறு வருடம். ஆனால் எல்லாமே உல்லாசப் பயணம், எல்லாமே லீவு மனநிலை. கரையும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான்.

படகுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது?

படகின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரம்தான் படகில் இருப்பவர்களின் உயிர். அது குறைந்தால் ஆபத்து. பள்ளியில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை வைத்தே இதைக் கணக்குப் போடலாம்.

12 அடி நீளம், 4 அடி அகலமுள்ள ஒரு சின்னத் துடுப்புப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். முனை குறுகுவதைக் கழித்தால் அது தண்ணீரில் பிடிக்கிற பரப்பு சுமார் 3 சதுர மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் படகு 2 சென்டிமீட்டர் கீழே இறங்கும். 5 பேர் கூடுதலாக ஏறினால் 10 சென்டிமீட்டர். காலியாக இருக்கும்போது ஒன்றரை அடி உயரத்தில் நின்ற விளிம்பு, 'இன்னும் ரெண்டு பேர்தானே, ஏறிக்கோங்க' என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒரு ஜாண் உயரத்துக்கு வந்துவிடும். பக்கத்தில் ஒரு மோட்டார் படகு போனால் அது கிளப்புகிற அலையே உள்ளே வந்து விழும்.

அடுத்தது சாய்வு. பலகையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றால் அவருடைய எடை முழுக்க மேலே போகிறது. மேலே எடை கூடக் கூட, லேசாகத் தள்ளினாலும் படகு சாயும். இரண்டு அடுக்குப் படகில் மேல் தளத்தில் கூட்டம் நின்றால் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். தெப்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே மண்டபம் உயரமாக இருந்தாலும் அடிப்பாகம் நாலாபுறமும் அகலமாகப் பரந்திருக்கும். அதனால்தான் அசையாமல் போகிறது. ஒடுக்கமான படகுக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவது, பின்பக்கம். மோட்டார் படகு வேகமாகப் போய்ச் சட்டென்று நின்றால், அது கிளப்பிவிட்ட அலையே துரத்தி வந்து பின்பக்கமாக உள்ளே ஏறும். மோட்டார் இருப்பதால் பின்பக்கம் ஏற்கனவே கனம், உயரமும் குறைவு. பெரிய அலை இருக்கும் இடத்தில் முதுகையோ பக்கவாட்டையோ காட்டினாலும் இப்படித்தான். நாலாவது, ஓட்டை. அடியில் விரிசல் இருக்கலாம், தண்ணீர் வடிகிற துளையின் மூடியைப் போட மறந்திருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். உள்ளே 10 சென்டிமீட்டர் தண்ணீர் வந்துவிட்டது என்று வையுங்கள். கணுக்கால் அளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் படகில் அது 300 லிட்டர், அதாவது 20 குடம் தண்ணீர். 300 கிலோ. ஐந்து ஆட்கள் புதிதாக ஏறியதற்குச் சமம்!

ஐந்து ஆட்களாவது சொன்னால் கேட்டு உட்காருவார்கள். தண்ணீர் கேட்காது. தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்து எடுத்து வருபவரைப் பாருங்கள். தட்டு கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடும், அந்தக் கனத்தில் தட்டு இன்னும் சாயும். படகிலும் அதேதான். இடது பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கும் 20 குடமும் இடது பக்கம் ஓடும். பயந்து எல்லோரும் வலது பக்கம் பாய்ந்தால் தண்ணீரும் கூடவே பாயும். ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி. மூன்றாவது ஆட்டத்தில் படகு கவிழும்.

கணுக்கால் தண்ணீரிலிருந்து கவிழ்வது வரை சில நிமிடங்கள் கிடைக்கலாம், சில நொடிகளும் ஆகலாம்.

ஏறுவதற்கு முன்னால்

பாதி விபத்து படித்துறையிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் பாதிப் பாதுகாப்பும் அங்கேயேதான் இருக்கிறது.

எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கும். எழுதியிருக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில். குழந்தையும் ஒரு ஆள்தான், மடியில் வைத்துக்கொண்டால் எடை காணாமல் போய்விடாது. லைஃப் ஜாக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதும், போட்டுக்கொண்டு பட்டை மாட்டாமல் இருப்பதும், போடாததற்குச் சமம். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேலே ஏறினால் அது தளர்ச்சி, இறுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் பெரியவர் ஜாக்கெட் போட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும்தான் மிதக்கும்.

படகின் நடுவில் கால் வைத்து ஏறி உடனே உட்கார வேண்டும். மூடிய படகு என்றால் எந்தப் பக்கமாக வெளியே வரலாம் என்று உட்காரும்போதே ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். அடியில் தண்ணீர் கிடக்கிறதா, அதை இறைக்க ஒரு வாளியாவது இருக்கிறதா என்பதும் கவனிக்க வேண்டியதுதான்.

இதில் கஷ்டமான வேலை எது தெரியுமா? 'ஆள் நிறைஞ்சிருச்சு, அடுத்த படகுல வரோம்' என்று சொல்வதுதான். பின்னால் வரிசை நிற்கும். வேன் டிரைவர் அவசரப்படுத்துவார். 'டிக்கெட் எடுத்தாச்சு, இப்பப் போய் என்னப்பா?' என்று பெரியப்பா கேட்பார். பழவேற்காட்டிலும் தானூரிலும் யாராவது ஒருவர் மனதில் அந்த வாக்கியம் நிச்சயம் வந்திருக்கும். வாய்க்கு வந்திருக்காது.

தண்ணீர் வர ஆரம்பித்தால்

முதலில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பலகையில் இருப்பவர்கள்கூட இறங்கி, படகின் தரையில், நடுக்கோட்டை ஒட்டி உட்கார வேண்டும். எடை கீழே போனால் படகு நிதானத்துக்கு வரும். தரையில் தண்ணீர் கிடக்கிறதே, துணி நனையுமே என்று பார்க்கிற நேரம் இல்லை.

மோட்டார் படகாக இருந்தால் சட்டென்று நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து, முன்முனையை அலைக்குக் கொஞ்சம் சாய்வாகக் காட்டிக்கொண்டு பக்கத்துக் கரைக்குப் போக வேண்டும். அது ஓட்டுகிறவர் வேலை. மற்றவர்கள் வேலை இறைப்பது. வாளி, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டிலை வெட்டினால் கிடைக்கிற பாதி, தொப்பி, எது கிடைத்தாலும் சரி. கவலை கட்டி இறைத்த ஊர்க்காரர்களுக்கு இறைக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு ஆள் உட்கார்ந்தபடியே இறைத்தால் போதும், நாலு பேர் எழுந்து நின்று இறைத்தால் படகு அதனாலேயே கவிழும். ஓட்டை தெரிந்தால் துண்டையோ சட்டையையோ சுருட்டி அடைத்து, ஒருவர் காலால் மிதித்துக்கொள்ளலாம். ஜாக்கெட் போடாதவர்கள் இருந்தால் இப்போதே போட வேண்டும், பிள்ளைகளுக்கு முதலில்.

மூழ்கிவிட்டால், கவிழ்ந்துவிட்டால்

பலர் தவறு செய்கிற இடம் இது. தண்ணீர் நிறைந்த படகு கல் மாதிரி அடியில் போய்விடும் என்று நினைக்கிறார்கள். மரப் படகு தண்ணீர் நிறைந்தாலும் பெரும்பாலும் மிதக்கும். சின்ன ஃபைபர் படகுகளிலும் பெடல் படகுகளிலும் பொதுவாக நுரைப் பொருளோ காற்று அறையோ வைத்திருப்பார்கள். விளிம்புவரை தண்ணீரில் அமிழ்ந்தாலும், தலைகீழாகக் கவிழ்ந்தாலும், பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று மேலே இருக்கும். எனவே ஒரே விதி: படகை விடாதே. படகைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் கவிழ்ந்த அடிப்பாகத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றிவிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆளை எண்ண வேண்டும்.

மூடிய படகிலும் அடுக்குப் படகிலும் மட்டும் இதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. சாய ஆரம்பித்து நிமிராது என்று தெரிந்ததுமே கூரைக்கு வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே மாட்டினால் ஜாக்கெட்டே ஆளைக் கூரையோடு அழுத்திவிடும். வெளியே வந்த பிறகு அதே விதி, படகைப் பிடித்துக்கொள்.

'எனக்கு நீச்சல் தெரியும்' என்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நீச்சல் பழகுவது கிணற்றில். இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை அல்லது காலி கேன், மேலே அண்ணன்மார் சத்தம். கிணற்றின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு முப்பது அடி இருந்தால் அதிகம், எந்தப் பக்கம் போனாலும் பிடிக்கக் கல் இருக்கும். ஏரியில் கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரிதான் தெரியும், நீந்தினால் வராது. பேண்ட், சட்டையோடு நீந்துவது வேறு, ஜட்டியோடு கிணற்றில் குதிப்பது வேறு. கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் மூச்சு வாங்கும், அந்த நேரத்தில் வாயில் தண்ணீர் போனால் நீச்சல்காரரும் ஒன்றுதான். முதல் ஒரு நிமிடம் நீந்தாமல், எதையாவது பிடித்துக்கொண்டோ மல்லாந்து மிதந்தோ மூச்சை நிதானப்படுத்த வேண்டும். சேலை காலைச் சுற்றினால் அவிழ்த்துவிட வேண்டும், வெட்கப்பட நேரமில்லை.

கரையில் இருப்பவர்களுக்கு

குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் காப்பாற்ற வருபவரின் கழுத்தைத்தான் பிடிப்பார். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் இறந்த செய்தி நம் கண்மாய்களிலேயே எத்தனை முறை வந்திருக்கிறது! மூங்கில் கம்பை நீட்டலாம், கயிறோ முறுக்கிய வேட்டியோ வீசலாம், மூடி போட்ட காலி கேன் ஒன்றை எறிந்தால்கூட ஒரு ஆள் மிதப்பார்.

மேலே கொண்டுவந்த பிறகும் ஒரு தவறு நடக்கிறது. வயிற்றை அமுக்குவது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது. சினிமாவில் பார்த்தது. வயிற்றிலிருந்து வருகிற தண்ணீரும் சாப்பாடும் நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். தண்ணீரில் மூழ்கியவருக்கு இல்லாமல் போனது காற்று, அதனால் காற்றுதான் முதலில். பிறகு நெஞ்சின் நடுவில் வேகமாகவும் ஆழமாகவும் 30 முறை அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30, 2. 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. எழுந்து உட்கார்ந்து 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், உள்ளே போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

கடைசியாக

இதையெல்லாம் படித்துவிட்டுப் படகே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. கண்மாயில் தண்ணீர் பார்க்கவே வருடம் முழுக்கக் காத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு, கண்ணெட்டும் தூரம் தண்ணீர் மேல் போகிற அந்த அரைமணி நேரம் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த லீவில் ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ ஒரு வேன் கிளம்பும். பால்கோவா டப்பா, புளியோதரைப் பொட்டலம், பாட்டு எல்லாம் இருக்கும். சாயங்காலம் ஏரியில், ஏதோ ஒரு விலங்கைப் பார்த்து மாமா கேமராவோடு எழுந்திருப்பார். அப்போது வண்டியிலேயே சின்னப் பெண் ஒருத்தி, 'மாமா, உக்காருங்க. உக்காந்தே எடுங்க' என்று சொன்னால் போதும். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உட்கார்ந்துகொண்டே சிரிக்கட்டும்.